விண்வெளியில் ஒளிந்துகொள்ள முடியுமா?

கேள்வி: ஐயா, நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து விண்வெளிப் போர் கேம் ஒன்று செய்கிறோம். ஒரு பொத்தானை அழுத்தினால் கப்பல் எதிரியின் ராடரிலிருந்து மறைந்துவிடும். ஏவுகணைக்கு 5,000 கிலோமீற்றர் எல்லை வைத்திருக்கிறோம். விளையாடிப் பார்த்தவர்கள், "கடற்சண்டை மாதிரியே இருக்கிறது" என்கிறார்கள். எப்படித் திருத்தலாம்?
– வாசகர், கல்லடி

பதில்: தம்பி, முதலில் அந்தப் பொத்தானை எடுத்துவிடுங்கள். ராடரை ஏமாற்றலாம், வெப்பத்தை மறைப்பது மிகக் கடினம். ஆட்கள் இருக்கும் கப்பலின் வெளிச்சுவர் 20 பாகை செல்சியசில் இருந்தால், ஒவ்வொரு சதுர மீற்றரிலிருந்தும் 400 வாற்று அளவு அகச்சிவப்புக் கதிராக வெளியேறும். அதற்குப் பின்னாலுள்ள வானமோ −270 பாகை. வெப்பத்தை வெளியே விடாமல் அடக்கி வைத்தால் உள்ளே இருப்பவர்கள் வெந்துபோவார்கள். எஞ்சினை இயக்கினால் கேட்கவே வேண்டாம்.

அதற்காகப் போர் சப்பென்று போய்விடாது. இரவில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள். தோணி விளக்கு ஒன்று தெரியும். எந்தத் திசை என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் அது கிட்ட இருக்கும் சின்ன விளக்கா, தூரத்தில் இருக்கும் பெரிய விளக்கா? பாலத்தின் மறு அந்தத்தில் உங்கள் நண்பர் நின்று தன் பக்கத்துத் திசையையும் சொன்னால், இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் தோணி இருக்கும். அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கும் இதே கதைதான். ஆகவே தனிக் கப்பலுக்குத் திசையை மட்டும் காட்டுங்கள். தூரம் வேண்டுமென்றால் ஆட்டக்காரர் தன் அணியைப் பிரித்துத் தள்ளித் தள்ளி நிறுத்தட்டும். பிரித்தால் கண் கூடும், பலம் குறையும். வெப்பத்தை எதிரிக்கு மறுபக்கமாக மட்டும் வெளியேற்றும் தந்திரத்தையும் அனுமதிக்கலாம். மறுபக்கம் இன்னொரு எதிரி நிற்காதவரை அது பலிக்கும்.

போலிக் கப்பல்களையும் சேருங்கள். சும்மா மிதக்கும்வரை அவற்றை நம்பலாம். எஞ்சினை மூட்டியதும் குட்டு உடையும்: சுவாலையின் வலுவையும் வேகம் கூடும் விதத்தையும் வைத்து எடையைக் கணக்கிட்டுவிடலாம்.

உங்கள் ஊர்க் கடலில் கிடக்கும் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் கப்பலையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 9 காலை ஒன்பது மணியளவில் யப்பானிய உளவு விமானம் அதைக் கண்டது. பதினொரு மணிக்கு முன்பே அது மூழ்கிவிட்டது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று தளத்தில் ஒரு விமானமும் இல்லை. உதவிக்குக் கேட்ட விமானங்களும் நேரத்துக்கு வந்து சேரவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காணப்பட்டதற்கும் தாக்கப்பட்டதற்கும் நடுவே கிடைத்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். விண்வெளியில் அது நாட்கணக்காக நீளும். உங்கள் கேம் நடக்கவேண்டியது அந்த இடைவெளிக்குள்.

இனி ஏவுகணை. எஞ்சின் அணைந்தாலும் அது போய்க்கொண்டே இருக்கும். எனவே 5,000 கிலோமீற்றர் என்ற எல்லைக்கு அங்கே பொருளில்லை. எரிபொருளைக் கணக்கிடுங்கள். வினாடிக்கு வினாடி ஒரு மீற்றர் வீதம் வேகத்தைக் கூட்டும் கப்பல், 1,000 வினாடியில் 500 கிலோமீற்றர் விலகிவிடும். அந்த விலகலை ஈடுகட்ட ஏவுகணையில் எரிபொருள் மிச்சமிருக்கவேண்டும். ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் எரித்துச் சீக்கிரம் போவதா, கடைசித் திருப்பத்துக்கு வைத்துக்கொண்டு மெதுவாகப் போவதா? ஆட்டக்காரரை நன்றாகத் திணற வைக்கும் கேள்வி இது.

வெடிமருந்தும் தேவையில்லை. வினாடிக்கு 3 கிலோமீற்றர் வேகத்தில் மோதும் ஒரு கிலோ இரும்பு, ஒரு கிலோ டிஎன்டி வெடிப்பதற்குச் சமம். 2019 மார்ச் 27 அன்று இந்தியாவின் 'மிஷன் சக்தி' சோதனையில் ஏவிய ஏவுகணை, ஏறத்தாழ 280 கிலோமீற்றர் உயரத்தில் தன் சொந்தச் செயற்கைக்கோளையே நேரே மோதி உடைத்தது. கடைசி நேரத்தில் அது இலக்கைப் பார்த்தது அகச்சிவப்பில்தான். சிதறிய துண்டுகளில் சில, சர்வதேச விண்வெளி நிலையத்தின் உயரத்துக்கும் மேலே எறியப்பட்டன. உங்கள் கேமில் உடைந்த கப்பல் திரையிலிருந்து மறையக்கூடாது. துண்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். வென்றவரும் அடுத்த சுற்றில் அவற்றுக்கு நடுவேதான் போகவேண்டும்.