மருதன் என்னும் பெயர்



ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நாள் வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். "மருதன்" என்று அழைத்ததும் புதிதாகச் சேர்ந்த சிறுவன் ஒருவன் எழுந்தான். பின்வரிசையிலிருந்து ஒருவன், "மருந்தன்!" என்றான். வகுப்பே சிரித்தது. சிறுவன் தலைகுனிந்தான். இடைவேளையில் என்னிடம் வந்து, "ஐயா, இந்தப் பெயரை மாற்ற முடியுமா?" என்று கேட்டான். அவனுக்குக் கூறிய விடையே இப்பாடமாகும்.

பெயரின் பொருள்

மருது அல்லது மருதம் என்பது ஆற்றங்கரைகளில் ஓங்கி வளரும் மரமாகும். அதன் வகைகளுள் ஒன்றாகிய நீர்மருது, வெளிறிய வழவழப்பான பட்டையை உடையது. அப்பட்டை சித்த மருத்துவத்தில் மருந்தாகப் பயன்படுகிறது. ஆகவே, கேலி செய்தவனும் தன்னை அறியாமலே ஓர் உண்மையைக் கூறிவிட்டான்!

மருது + அன் = மருதன். மருது என்னும் சொல்லின் இறுதியிலுள்ள குற்றியலுகரம் கெட்டு, 'அன்' என்னும் ஆண்பால் ஈறு சேர்ந்தது. கடம்பு + அன் = கடம்பன் என்பதும் இவ்வாறே அமைந்தது.

நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். அவற்றுள் வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் எனப்பட்டது. எனவே மருதன் என்னும் பெயரைக் கேட்டால், ஆறும் நெல்வயலும் நம் நினைவுக்கு வரவேண்டும்.

மன்னன் போற்றிய பெயர்

சங்க காலத்தில் மாங்குடி மருதனார் என்னும் பெரும்புலவர் வாழ்ந்தார். பத்துப்பாட்டு நூல்களுள் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சி அவர் பாடியதே. அதில் 782 அடிகள் உள்ளன.

பாண்டியன் நெடுஞ்செழியன் இளையவன் என்று எள்ளி, பகைவர் பலர் ஒன்றுகூடிப் போருக்கு வந்தனர். அப்போது அவன் வஞ்சினம் கூறினான். தான் பகைவரை வெல்லாவிடின், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது போகட்டும் என்றான். புறநானூற்றின் 72ஆம் பாடல் இதனைக் கூறுகிறது. தலையாலங்கானத்தில் நடந்த போரில் அவன் வென்றான். ஒரு பேரரசன் தன் வஞ்சினத்தில் எடுத்துக் கூறிய பெயர், நம் வகுப்பில் நகைப்புக்கு உரியதாகலாமா?

கடல் கடந்து வந்த பெயர்

தஞ்சை, திருச்சி முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் மலாயாவுக்கு வந்தனர். சிலர் பிரிக்பீல்ட்ஸில் தங்கி இரயில்வேயில் உழைத்தனர். பலர் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவினர். அவர்களால் வயலைக் கொண்டுவர இயலவில்லை. ஆற்றையும் கொண்டுவர இயலவில்லை. மருதமுத்து, மருதாயி என்னும் பெயர்களைக் கொண்டுவந்தனர்.

இந்நாட்டிலும் மருதின் பெயர் தாங்கிய மரம் உண்டு. கோலாலம்பூர்ச் சாலையோரங்களில் ஊதா நிறப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மலாய் மொழியில் அது பூங்கோர், தமிழில் பூமருது. அது நீர்மருதின் இனம் அன்று; ஆயினும் பெயரால் உறவு. மலாக்கா என்னும் பெயரும் ஒரு மரத்தால் வந்தது என்பர். அம்மரம் நாம் அறிந்த நெல்லியே.

பெயரன்

இவற்றையெல்லாம் கேட்ட சிறுவனிடம், "உனக்கு இப்பெயர் வந்தது எப்படி என்று வீட்டில் கேட்டு வா" என்றேன். மறுநாள் அவன் கூறினான்: "என் தாத்தாவின் பெயர் மருதமுத்து, ஐயா. கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவினார். இப்போது அங்கே தோட்டம் இல்லை; வீடுகள்தாம் உள்ளன."

பேரன் என்னும் சொல் 'பெயரன்' என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவனே பெயரன். தோட்டம் போயிற்று, மரங்களும் போயின. தாத்தாவின் பெயர் பாதி இவனிடம் இருக்கிறது. இதனையும் மாற்றிவிட்டால் எஞ்சுவது யாது?

அன்று பதிவேட்டைப் படித்தபோது, "உள்ளேன் ஐயா" என்ற குரல் சற்று உரக்கவே கேட்டது. எவரும் சிரிக்கவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைக்குப் பெயர் வைப்பதோடு நில்லாமல், அதன் பொருளையும் சொல்லிக் கொடுங்கள்.

பயிற்சி

1. உன் பெயரின் பொருள் யாது? அதை உனக்கு இட்டவர் யார்?
2. உன் பாட்டன், பாட்டி பெயர்களை எழுதி, அவற்றின் பொருளைக் கேட்டறிக.
3. முகில், கடம்பு, வேல் ஆகியவற்றுடன் 'அன்' ஈறு சேர்த்து எழுதுக.