சேறும் செல்வமே
கோல சிலாங்கூர் முதல் செகிஞ்சான் வரை ஒரு கல்விச் சுற்றுலா



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கடற்கரைக்குப் போக வேண்டும் என்னும் ஆசை எவருக்கும் எழுவது இயல்பே. நம் தோட்டத்து மக்களும் ஆண்டுக்கொரு முறை பேருந்து அமர்த்திக்கொண்டு, சோற்று மூட்டையுடன் போர்ட்டிக்சன் சென்று வருவது நெடுநாள் வழக்கம். அதே வேளையில், கோலாலம்பூர் மக்களோ வார இறுதியில் வாகனம் வாகனமாக நம் வட்டாரத்தை நாடி வருகின்றனர். அவர்கள் ஏன் வருகின்றனர், இங்கு எதைக் காண்கின்றனர் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியொன்றை முதலில் கூறிவிடுகிறேன். நம் மாணவர்களைச் செகிஞ்சானில் உள்ள ரெடாங் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். அப்பொழுது கடல் வற்றியிருந்த நேரம். பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒரு சிறுவன் மூக்கைச் சுளித்து, "இது கடலா? வெறும் சேறு!" என்று உரக்கச் சொன்னான். அருகில் நின்ற நம் மாணவன் ஒருவன், அந்தச் சேற்றைத் தானே கொண்டுவந்து கொட்டியவன் போல் தலை குனிந்துகொண்டான். திரும்பும் வழியில் அவன் என்னிடம், "ஐயா, நம்மூர்க் கடலில் மட்டும் ஏன் வெள்ளை மணல் இல்லை?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்குரிய விடையை அன்று பேருந்தில் முழுமையாகச் சொல்ல இயலவில்லை. ஆதலால் அந்தச் சுற்றுலாவின் வழியே மீண்டும் ஒரு முறை, இம்முறை எழுத்தில், செல்வோமாக.

காலையில் நாம் பெஸ்தாரி ஜெயா வழியாகச் சென்றோம். முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என்று வழங்கப்பட்ட ஊர் அது. நம் பாட்டிமார் இன்றும் அப்பெயரையே சொல்வர். அதன் அருகே உள்ளது தென்னமரம் தோட்டம். மலேசியாவில் வாணிக நோக்கத்துடன் செம்பனை முதன்முதலாக 1917 ஆம் ஆண்டு பயிரிடப்பட்டது இத்தோட்டத்திலேதான். மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மரத்தை இங்கு பெருமளவில் நடச் செய்தவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் எழுத்தாளரும்கூட. மலாயா வாழ்வைப் பற்றி அவர் எழுதிய 'மலேசி' என்னும் நாவல் 1930 இல் பிரான்சின் புகழ்பெற்ற கோங்கூர் பரிசைப் பெற்றது. நாட்டின் முதல் செம்பனைத் தோட்டத்தின் பெயர் மலாய்ச் சொல்லும் அன்று, பிரெஞ்சுச் சொல்லும் அன்று. தமிழ்ச் சொல் என்பதைக் கவனியுங்கள். ஃபோக்கோனியேயின் பெயர் நூல்களில் இருக்கிறது. குழி வெட்டிக் கன்று நட்ட கைகளுக்கு உரியவர் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. தோட்டத்தின் பெயரில்தான் அவர்தம் மொழி எஞ்சி நிற்கிறது.

அங்கிருந்து கோல சிலாங்கூர். 'கோல' என்றால் ஆற்றின் கழிமுகம் என்பது பொருள். சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடம் இது. சுற்றிலும் தாழ்ந்த சேற்று நிலம்; நடுவே ஒரு குன்று. அதுவே மலாவத்திக் குன்று. அதன் உச்சியில் நின்று பார்த்தால் ஆறும் கடலும் ஒருங்கே தெரியும். பண்டைக் காலத்தில் உள்நாட்டு ஈயம் ஆற்றின் வழியாகவே கடலுக்கு வந்தாக வேண்டும். ஆகவே கழிமுகத்தைப் பிடித்தவன் வாணிகத்தைப் பிடித்தான். குன்றின்மேல் கோட்டை எழுந்த காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

சிலாங்கூரின் இரண்டாவது சுல்தானாகிய சுல்தான் இப்ராஹிம் 1778 முதல் 1826 வரை ஆட்சி புரிந்தவர். டச்சுக்காரர் வசமிருந்த மலாக்காவை ரியாவ் நாட்டு ராஜா ஹாஜி 1784 இல் முற்றுகையிட்டபோது இவர் அவருக்குத் துணை நின்றார். ராஜா ஹாஜி போரில் மாண்டார். டச்சுக் கப்பல்கள் அதே ஆண்டு இங்கு வந்து கோட்டையைக் கைப்பற்றின. தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங் என்பவரின் பெயரால் அதற்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயரும் சூட்டினர். சுல்தான் பகாங்கிற்குச் சென்று படை திரட்டி, அடுத்த ஆண்டே காட்டு வழியாகத் திரும்பி வந்து கோட்டையை மீட்டார். டச்சுக்காரர் பின்னர்க் கடலை அடைத்து நெருக்கியதால் 1786 இல் உடன்படிக்கை ஏற்பட்டது. சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது, 1871 இல், 'ரினால்டோ' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் இக்கோட்டையைப் பீரங்கியால் தாக்கியது. இன்று அங்கே கோட்டை வாயிலும் மதிற்சுவரும் நெடிதாக இருக்கும் என்று எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாறுவர். "கோட்டை எங்கே, ஐயா?" என்று நம் மாணவியர் கேட்டனர். சில கற்சுவர்ப் பகுதிகளும், கடலை நோக்கிய பழம் பீரங்கிகளும், அரச கல்லறைகளும், 1907 இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கமுமே மிஞ்சியுள்ளன.

மாணவர்களின் மனத்தைக் கவர்ந்தவை பீரங்கிகள் அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கு வாழும் லோத்தோங் எனப்படும் சாம்பல் நிறக் குரங்குகளே அவர்களின் பொழுதைக் கவர்ந்துகொண்டன. அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் தாயின் நிறத்தை அடையும். ஒரு குட்டி தாயின் மடியில் பூசணிப் பூப்போல் கிடந்தது.

குன்றின் அடிவாரத்தில் 1987 இல் தொடங்கப்பெற்ற இயற்கைப் பூங்கா உள்ளது. சுற்றுலாவின் பாடம் இங்குதான் தொடங்கிற்று. பலகை நடைபாதையில் நின்று கீழே நோக்கினால் சேறு, சேற்றில் கை ஊன்றி நடக்கும் சேற்றுத்தாவி மீன்கள், சிறு நண்டுகள், மூக்கை நீட்டியது போல் மேல்நோக்கி வளர்ந்த வேர்கள். சேற்றினுள் காற்றில்லை. ஆதலால் இம்மரங்கள் வேரை வெளியே நீட்டி மூச்சு விடுகின்றன. பாக்காவ் என்னும் மரமோ பல கால்களை ஊன்றி நிற்கிறது.

தமிழில் இத்தகைய காட்டிற்கு அலையாத்திக் காடு என்று பெயர். அலையின் வேகத்தை ஆற்றுவது என்று பிரித்துப் பாருங்கள். அதன் தொழிலே அதன் பெயராக அமைந்திருப்பது புலப்படும். சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த தில்லை மரமும் இக்குடும்பத்துச் சதுப்பு நிலங்களில் வளர்வதே. மலேசியச் சதுப்புக் காடுகளிலும் அது உண்டு. மலாய்க்காரர் பூத்தா பூத்தா என்பர். அதன் பால் கண்ணில் பட்டால் தீங்கு நேரும் என்பதால் வந்த பெயர் அது. பால் மரம் அறிந்த நம் மக்கள் இதைத் தொடாமலிருப்பது நன்று.

இனி, அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்திரா தீவு ஒரு நீண்ட மதில் போல் கிடக்கிறது. ஆகவே பெருங்கடலின் பேரலைகள் நம் கரையை எட்டுவதில்லை. கிழக்குக் கரையில் பருவக்காற்றுக் காலத்து அலைகள் மண்ணை அரித்துக் கழுவி, கனமான மணலை மட்டும் விட்டுச் செல்கின்றன. இங்கோ ஆறுகள் மலைகளிலிருந்து சுமந்து வரும் நுண்ணிய வண்டல், அலையின் தொல்லையின்றிக் கழிமுகத்தில் மெல்லப் படிகிறது. காட்டு வேர்கள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் படிந்த களிமண்ணே நம் கரையோர நிலம். மண்ணியல் அறிஞர் இவ்வகைக் களிமண்ணுக்குச் 'சிலாங்கூர்' என்றே பெயரிட்டுள்ளனர். செம்பனைக்கு இதனினும் சிறந்த மண் நாட்டில் அரிது. கடல் வற்றும்போது வெளிப்படும் அதே சேற்றில்தான், கெராங் எனப்படும் மட்டி வளர்ந்து மீனவரின் வருவாயாகிறது. மணல் அழகுதான், ஆனால் மணலில் நெல் விளைவதில்லை.

நெல் என்றதும் செகிஞ்சான் நினைவுக்கு வரும். கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங் வழியாக ஏறக்குறைய 30 கிலோ மீட்டர் சென்றால் சாலையின் ஒரு புறம் வயல், மறு புறம் மீனவர் குப்பம். பழந்தமிழர் வயல் சார்ந்த நிலத்தை மருதம் என்றும் கடல் சார்ந்த நிலத்தை நெய்தல் என்றும் பிரித்தனர். ஆறாம் வகுப்பு மாணவர்கள் இவற்றை மனப்பாடம் செய்ய இடர்ப்படுவதை நான் அறிவேன். செகிஞ்சானில் சாலையைக் கடந்தால் போதும், மருதத்திலிருந்து நெய்தலுக்குச் சென்றுவிடலாம்.

இவ்வூரின் சீனப் பெயருக்கு 'உழவுக்கு ஏற்ற ஊர்' என்பது பொருள். எனினும் இது இயற்கையாகவே வயலாக இருந்த இடமன்று; சதுப்புக்காடு. 1930 ஆம் ஆண்டுகளில் தொடங்கிய நீர்ப்பாசனத் திட்டத்தால், சிலாங்கூருக்கும் பேராவிற்கும் எல்லையாக ஓடும் பெர்ணம் ஆற்று நீரை வாய்க்கால் வெட்டித் தெங்கி ஆற்றில் சேர்த்து, அங்கிருந்து பெருங்கால்வாய் வழியாக வயல்களுக்குப் பாய்ச்சினர். கடல்நீர் உட்புகாதபடி கரையெங்கும் மண் அணை எழுப்பினர். கடல் வற்றும்போது வயலின் கழிவு நீரை வெளியேற்றவும், பெருகும்போது கடலைத் தடுக்கவும் மதகுகளை அமைத்தனர். மலாய்க்காரரும் ஜாவானியரும் பஞ்சாரியரும் சீனரும் அச்சேற்றில் இறங்கி நிலமாக்கினர். இப்பக்கத்து ஊர்கள் பலவற்றுக்கு வாய்க்கால் என்னும் பொருளுடைய 'பாரிட்' என்ற சொல்லும் ஓர் எண்ணுமே பெயராக இருப்பது அவ்வுழைப்பின் அடையாளம். இன்று ஆண்டுக்கு இரு போகம் விளைகிறது. செகிஞ்சான் வயல்களின் விளைச்சல் நாட்டின் சராசரியை விட மிக அதிகம்.

பயிர் இளமையாக இருக்கும்போது சென்றால் கண்ணுக்கெட்டிய வரை பசுமை. கதிர் முற்றியபின் சென்றால் பொன்னிறம். அறுவடை முடிந்த மறுவாரம் சென்றால் வெறும் தாளும் கொக்குகளும்தான். ஆகவே விசாரித்துச் செல்வது நலம். ஆயினும் நம்முடன் வந்த மூதாட்டி ஒருவர் அறுத்த தாளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தம் தாயார் தஞ்சாவூர்ப் பக்கத்தில் நாற்று நட்டவர் என்றும், தாம் பிறந்தது முதல் பால் மரத்தையும் செம்பனையையுமே கண்டதாகவும் சொன்னார். நாங்கள் கதிர்களைக் காட்ட அழைத்து வந்தோம். அவர் தாளில் எதையோ கண்டார்.

கரையோர அலையாத்திக் காடு அழிந்த இடங்களில், கடல் நேராக மண் அணையை மோதுகிறது. பெருநீர் ஏற்றத்தின்போது அணை உடைந்து உப்பு நீர் புகுந்தால், பாடுபட்டுப் பண்படுத்திய வயல் கெடும், குடியிருப்புகளும் நனையும். மதகையும் அணையையும் மனிதர் கட்டினர். அதற்கு முன்னால் நின்று காக்கும் வேலியை மரங்களே கட்டின.

இங்கு பெற்றோர்களுக்குப் பயன்படும் செய்தியொன்று. நம் கரையைக் காணச் செல்வோர் நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்துச் செல்லல் வேண்டும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஞாயிறும் திங்களும் பூமியும் ஒரே கோட்டில் அமைவதால் அவற்றின் ஈர்ப்பு ஒன்றுசேர்ந்து, கடல் மிக ஏறி மிக வற்றும். நம் கரையில் ஏற்றத்திற்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு அந்நாட்களில் ஏறக்குறைய 4 மீட்டர் ஆகும். அப்பொழுதுதான் ஜெரம் அருகே சசாரான் கடலில் ஒரு மணல்திட்டு சில மணி நேரம் வெளிப்படும். அதன்மேல் தேங்கும் மெல்லிய நீரில் வானம் தலைகீழாகத் தெரிவதால், அதை 'ஆகாயக் கண்ணாடி' என்கின்றனர். பௌர்ணமிக்கும் இது பொருந்துமே, அமாவாசை எதற்கு என்று கேட்கலாம். மின்மினிக்காகத்தான். நிலவொளியில் மின்மினி மங்கிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் நானே முழுநிலவன்று நண்பர்களை அழைத்துச் சென்று, வெறும் மரங்களைக் காட்டிவிட்டு வந்தவன்!

மாலை மங்கியபின் சிலாங்கூர் ஆற்றங்கரையில் உள்ள கம்போங் குவாந்தானை அடைந்தோம். துடுப்புப் படகில் ஏறினோம். பேசக்கூடாது, விளக்கு அடிக்கக் கூடாது என்று படகோட்டி கூறினார். ஆறு கறுத்திருந்தது. முதலில் ஒரு மரத்தில் ஒளிப்புள்ளிகள். பிறகு மரம் முழுதும், ஒரே தாளத்தில், அணைந்தும் எரிந்தும். பேச்சை நிறுத்தவே தெரியாத நம் மாணவர்கள் அன்று தாமாகவே வாய் மூடியிருந்தனர்.

அம்மரங்களின் பெயர் பெரெம்பாங். உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் ஆற்றோரத்தில் வளர்பவை. ஆண் மின்மினிகள் ஒருசேர ஒளிவிட்டுப் பெண் மின்மினிகளை அழைக்கின்றன. லூசிஃபெரின் என்னும் பொருள் அவற்றின் உடலில் உயிர்வளியுடன் சேர்வதால் பிறக்கும் அவ்வொளியில் சூடு இல்லை எனலாம். ஆனால் மின்மினியின் வாழ்வு மரத்தில் தொடங்குவதன்று. அதன் புழு ஆற்றங்கரையின் ஈரமான சேற்று மண்ணில், சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையை வெட்டி, மரத்தை அகற்றி, ஓரம் வரை செம்பனை நட்டால் ஒளியும் போய்விடும். ஆற்றின் மேற்பகுதியில் நீர் குறைந்து கடலுப்பு உள்ளேறினாலும் மரங்கள் நலிவுறும். முன்னைப்போல் மின்மினிகள் இல்லை என்று இப்பக்கத்துப் படகோட்டிகள் கூறக் கேட்கலாம்.

மறுநாள் காலை மாணவர்களின் காலணிகள் எல்லாம் சேறாக இருந்தன. தாய்மார் கடிந்துகொண்டிருப்பர், பொறுத்தருள்க. அச்சேற்றைச் சுரண்டி எடுத்து, நன்னீரில் பலமுறை அலசி உப்பு நீக்கினோம். பின்னர் இரு கண்ணாடிக் குவளைகளில் நன்னீர் ஊற்றி, சம அளவு சேற்றைக் கரைத்து, ஒன்றில் மட்டும் இரு கரண்டி உப்பைக் கலந்து வகுப்பறைச் சன்னலில் வைத்தோம். உப்பிட்ட குவளையில் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி விரைவில் கீழே படிந்தன. மேலே நீர் தெளிந்தது. மற்றது கலங்கியே நின்றது. ஆற்று நீர் கடலுப்பைச் சந்திக்கும் கழிமுகத்தில் நடப்பது இதுவே.

அன்று தலை குனிந்த மாணவன்தான் அக்குவளைகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டினான். நன்னீர்க் குவளையில் 'ஆறு' என்று எழுதினான். மற்றதில் 'கடல்' என்று எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, 'கோல சிலாங்கூர்' என்று எழுதினான்.