செடி வளர்ப்பு அறைகளின் சுவர்களுக்கு ஏற்ற வர்ணப்பூச்சு

சூரிய ஒளி புகாத அறையில் மின்விளக்குகளின் துணை கொண்டு செடி வளர்ப்பது நெடுங்காலம் ஆராய்ச்சிசாலைகளுக்கே உரிய செயலாக இருந்து வந்தது. உஷ்ணநிலை, ஈரப்பதம், ஒளி ஆகிய மூன்றையும் விரும்பியவாறு அமைத்துக்கொள்ளத்தக்க ‘பைட்டோட்ரான்’ என்னும் தாவர ஆராய்ச்சி நிலையம், பிரிட்ஸ் வென்ட் என்னும் தாவர இயல் அறிஞரின் முயற்சியால் 1949-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸடீனா நகரில் உருவாயிற்று. இந்தியாவில் இத்தகைய தேசிய நிலையம் 1997-இல் புது தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் நிறுவப்பெற்றது.

மகாராஷ்டிர மாநிலத்தின் புணே நகருக்கும் இத்துறையில் சிறப்பானதோர் இடம் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற தேசிய இரசாயன ஆராய்ச்சிசாலை இந்நகரின் பாஷாண் பகுதியில் அமைந்துள்ளது. பல்லாண்டுகள் கழித்தே பூக்கும் இயல்புடைய மூங்கிலைத் திசு வளர்ப்பு முறையால் கண்ணாடிக் கலத்திற்குள்ளேயே சில மாதங்களில் பூக்கவும் விதைக்கவும் செய்த செய்தியை, இந்த ஆராய்ச்சிசாலையின் விஞ்ஞானிகள் 1990-இல் வெளியிட்டனர். திசு வளர்ப்பு அறைகளில் பொதுவாக வெப்பம் 25 பாகை செல்சியஸ் அளவிலும், ஒளி நாளொன்றுக்கு 16 மணி நேரமும் தரப்படுகின்றன.

இன்று இம்முறை ஆராய்ச்சிசாலையைக் கடந்து இல்லங்களுக்கும் வந்துவிட்டது. புணேயில் மூடிய கொள்கலன்களுக்குள் குங்குமப்பூ விளைவிக்கும் முயற்சிகள் 2020-களில் செய்தித்தாள்களில் இடம்பெற்றன. முளைக்கீரைகளையும் நாற்றுகளையும் ஒரே அறையில் அடுக்கடுக்காக வளர்ப்போரும் உள்ளனர். இவர்கள் விளக்கு, உரம், விதை ஆகியவற்றைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனத்தைச் சுவரின் வர்ணத்தில் காட்டுவது அரிது. ஆயினும் மாதந்தோறும் வரும் மின்கட்டணத்தில் சுவருக்கும் கணிசமான பங்கு உண்டு.

சுவர் விழுங்கும் ஒளி

விளக்கிலிருந்து புறப்படும் ஒளி முழுவதும் நேராக இலையைச் சென்றடைவதில்லை. ஒரு பகுதி சுவரிலும் கூரையிலும் படுகிறது. சுவர் அதனைத் திருப்பி அனுப்பினால் அது மீண்டும் இலையை அடையக்கூடும். விழுங்கிவிட்டால் அது வெப்பமாக மாறி, அறையைக் குளிர்விக்கும் செலவையும் கூட்டும்.

10 அடி நீளமும் 10 அடி அகலமும் 9 அடி உயரமும் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். தரை முழுவதும், அதாவது 100 சதுர அடியும், செடிகளால் மூடப்பட்டிருப்பதாகவும், அச்செடிகள் தம்மீது விழும் ஒளியில் 95 சதவிகிதத்தை ஏற்றுக்கொள்வதாகவும் கொள்வோம். சுவர்களும் கூரையும் சேர்ந்து 460 சதுர அடி. ஒளி அறையெங்கும் சமமாகப் பரவியுள்ளது என்று கொண்டு கணக்கிட்டால், சுவரின் பிரதிபலிப்புத் திறன் 85 சதவிகிதமாக இருக்கும்போது விளக்கொளியில் ஏறக்குறைய 58 சதவிகிதம் செடிகளைச் சேர்கிறது. பிரதிபலிப்பு 70 சதவிகிதமாகக் குறையுமானால், செடிகளுக்குக் கிடைப்பது 41 சதவிகிதமே. வெளிர் நிறம் பூசிய, 50 சதவிகிதம் மட்டுமே பிரதிபலிக்கும் சுவராயின் இது 29 சதவிகிதமாகிவிடும்.

சுவரின் வெண்மையில் 15 சதவிகிதம் குறைந்ததற்குச் செடியின் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுவது இங்குக் கவனிக்கத்தக்கது. ஒளிக்கதிர் ஒரே முறை அன்றிப் பலமுறை சுவர்களுக்கிடையே சென்று திரும்புவதும், ஒவ்வொரு முறையும் அதில் ஒரு பங்கு இழக்கப்படுவதுமே இதற்குக் காரணம். இழந்த ஒளியை விளக்குகளைக் கூட்டி ஈடு செய்ய முற்பட்டால், முன்பு 10 யூனிட் மின்சாரம் செலவான இடத்தில் 14 யூனிட் செலவாகும். விளக்குகள் செடிகளுக்கு மிக அருகில், கீழ்நோக்கியவாறு பொருத்தப்பட்டிருந்தால் இந்த வேறுபாடு சற்றுக் குறையும். நாற்றுகள் சிறியனவாக இருந்து தரை வெளியே தெரியும் நாட்களில் அது இன்னும் கூடும்.

வெண்மையின் தன்மை

செடிகள் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கின்றன. அவற்றுள் நீல நிற, சிவப்பு நிறக் கதிர்களைப் பச்சையம் மிகுதியாக ஏற்கிறது. மஞ்சள் அல்லது சந்தன நிறச் சுவர் நீலக் கதிர்களை விழுங்கிவிடுகிறது. வெளிர்நீலச் சுவர் சிவப்புக் கதிர்களைக் குறைக்கிறது. வெளிர்பச்சைச் சுவர் மனிதர் கண்ணுக்குக் குளிர்ச்சியாகவும் வெளிச்சமாகவும் தோன்றினும், செடி பெரிதும் நாடும் இரு வகைக் கதிர்களையும் குறைத்துவிடுகிறது. ஆகவே வெண்மை ஒன்றே பொருத்தமான நிறமாகும்.

இங்கு ஒரு பழைய வழக்கத்தைப் பற்றியும் கூறுதல் வேண்டும். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்புக் கரைசலில் சிறிது நீலம் கலப்பது நம் நாடெங்கும் காணப்படுவது. சுண்ணாம்பின் இலேசான மஞ்சள் சாயலை நீலம் மறைப்பதால் சுவர் பளிச்சென்று தோற்றமளிக்கிறது. உண்மையில் நீலப்பொடி மஞ்சள், செம்மஞ்சள் கதிர்களை விழுங்கித்தான் இந்தத் தோற்றத்தைத் தருகிறது; சுவரிலிருந்து திரும்பும் மொத்த ஒளி முன்னைவிடக் குறைந்தே போகிறது. செடி வளர்ப்பு அறையில் நீலத்தைத் தவிர்ப்பதே நன்று.

ஈரத்தில் மங்கும் சுண்ணாம்பு

ஒரு பொருள் வெண்மையாகத் தோன்றுவது அதன் நுண்ணிய துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதனால் ஆகும். துகளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் அதனைச் சூழ்ந்துள்ள பொருளின் ஒளிவிலகல் எண்ணுக்கும் வேறுபாடு எவ்வளவு அதிகமோ, சிதறலும் அவ்வளவு அதிகம். காய்ந்த சுண்ணாம்புப் பூச்சில் சுண்ணாம்புத் துகளின் எண் சுமார் 1.6, இடைவெளிகளில் உள்ள காற்றின் எண் 1. எனவே சுவர் நன்கு வெளுத்துக் காணப்படுகிறது. அந்த இடைவெளிகளில் நீர் புகுந்துவிட்டால், அதன் எண் 1.33 ஆகையால் வேறுபாடு சுருங்கி, சுவர் மங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் வெள்ளையடித்த சுவர் நனைந்து சாம்பல் நிறமாகத் தோன்றுவது இதனாலேயே.

டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் வெண்ணிறமியின் ‘ரூட்டைல்’ வகைக்கு ஒளிவிலகல் எண் சுமார் 2.7. அதனைச் சூழும் பிசினின் எண் சுமார் 1.5. இவ்வேறுபாடு பெரிதாகையால், மேற்பரப்பில் ஈரம் படிந்தாலும் பூச்சின் வெண்மை பெரிதும் குறைவதில்லை. இந்நிறமிக்கு மூலப்பொருளான இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும், கேரளத்துச் சவரா கடற்கரையிலும் கிடைக்கிறது. சவராவில் உள்ள அரசுத் தொழிற்சாலை ரூட்டைல் வகை நிறமியை உற்பத்தி செய்து வருகிறது.

சுண்ணாம்புக்கும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. புதிதாக அடித்த சுண்ணாம்பு வலுவான காரத்தன்மை உடையதாகையால் பூஞ்சணம் அதில் வளர்வதில்லை. ஆனால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து நாளடைவில் சாதாரணக் கால்சியம் கார்பனேட்டாக மாறி, அந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதிதாக வெள்ளையடிக்க இயலுமானால், செலவு குறைந்த முறை அதுவே.

விமான் நகர் அறை ஒன்றின் நிலை

புணேயின் வடகிழக்கில், லோகேகாவ் விமான நிலையத்தை அடுத்து, அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைந்த பகுதி விமான் நகர். இங்குள்ள ஓர் அறையைச் செடி வளர்ப்புக்கு ஒதுக்கினால், சுவர்கள் இரு பருவங்களில் சோதனைக்கு உள்ளாகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையின்போது, காலை வேளைகளில் வெளிக்காற்றின் ஈரப்பதமே 80 சதவிகிதத்தைக் கடந்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரி மாத இரவுகளிலோ வெளியே வெப்பம் 12 பாகை அளவுக்குத் தாழ்கிறது.

செடி உறிஞ்சும் நீரில் 95 சதவிகிதத்திற்கும் மேற்பட்ட பங்கு இலை வழியே ஆவியாகி அறைக்காற்றில் கலக்கிறது. அறையின் வெப்பம் 25 பாகையாகவும் ஈரப்பதம் 75 சதவிகிதமாகவும் இருக்குமானால், சுமார் 20 பாகைக்குக் குளிர்ந்த எப்பரப்பிலும் நீர் படியும். குளிர்கால இரவில் வெளிப்புறச் சுவரின் உட்பக்கம், சிறப்பாக மூலைகளிலும் காற்றோட்டமில்லாத அலமாரிகளின் பின்புறத்திலும், இந்த அளவை எளிதில் எட்டிவிடும். அவ்விடங்களிலேயே முதன்முதலாகக் கரும்புள்ளிகள் தோன்றுவதைக் காணலாம்.

இந்தப் பூஞ்சணம் சுவரின் அழகை மட்டும் கெடுப்பதன்று. புழுதியும் பூஞ்சணமும் சேர்ந்து 85 சதவிகிதம் பிரதிபலித்த சுவரை 70-க்குக் கொண்டுவந்துவிட்டால், மேலே கண்ட கணக்கின்படி செடிகளின் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பூஞ்சண வித்துக்கள் வீட்டில் வசிப்போரின் சுவாசத்திற்கும் தீங்கு செய்யக்கூடும். எனவே, கடையில் வாங்கும் நாளன்று மிகுந்த வெண்மையுடையதாக இருப்பதைவிட, ஈரத்திலும் தூசியிலும் பல மாதங்கள் வெண்மை குன்றாதிருப்பதே நல்ல பூச்சின் இலக்கணமாகும்.

எந்தப் பூச்சு?

டிஸ்டெம்பர் மலிவானது, ஆனால் ஈரத்தில் பொடியாக உதிர்ந்துவிடும், அடிக்கடி துடைக்கவும் தாங்காது. மந்தமான மேற்பரப்புடைய எமல்ஷன் ஒளியைச் சீராகப் பரப்புகிறது எனினும், அதன் சொரசொரப்பில் அழுக்குத் தங்கிவிடும். எண்ணெய் கலந்த எனாமல் கழுவுவதற்கு ஏற்றது. ஆயினும் அது காய்கையில் ஆல்டிஹைடு முதலிய ஆவிகளை வெளிவிடுவதுடன், ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாக மாறும் இயல்பும் உடையது. இவற்றுக்கு இடைப்பட்டது, இலேசான மினுமினுப்புள்ள வெள்ளை ஸாட்டின் எமல்ஷன். நீரில் கரைத்துப் பூசப்படுவதும், ஈரத்துணியால் துடைக்கத்தக்கதும், பூஞ்சணத் தடுப்புச் சேர்க்கப்பெற்றதுமான இவ்வகையே பெரும்பாலான அறைகளுக்குப் பொருந்தும்.

அலுமினியப் பெயிண்டு பளபளப்பாகத் தோன்றினும், நல்ல வெள்ளைப் பூச்சைவிடக் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்புகிறது. அலுமினியத் தகட்டுத்தாளைச் சுவரில் ஒட்டினால் பிரதிபலிப்பு மிகுதியே. ஆனால் தாளுக்கும் சுவருக்கும் இடையே ஈரம் தேங்கி, கண்ணுக்குப் புலப்படாமல் பூஞ்சணம் பெருகும்.

செடிக்குத் தீங்கான ஆவிகள்

மூடிய அறையில் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவிகள் வெளியேற வழியின்றித் தங்கிவிடும். பாதரசக் கூட்டுப்பொருள் கலந்த பூஞ்சணத் தடுப்பு வர்ணங்களைப் பூசிய கண்ணாடி வீடுகளில் ரோஜாச் செடிகள் கேடுற்ற செய்தி 1950-களில் அமெரிக்காவில் பதிவாயிற்று. அந்நாட்டில் வீட்டு உட்புற எமல்ஷன் வர்ணங்களில் பாதரசம் சேர்ப்பது 1990-இல் நிறுத்தப்பட்டது. ஈயத்தைப் பொறுத்தவரை, 2016-இல் வெளியான மத்திய அரசின் விதிகளின்படி, வீட்டு வர்ணங்களில் அது பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகுதல் கூடாது. இது 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. உண்ணும் கீரைகள் வளரும் அறையில் பழைய எண்ணெய் வர்ணத்தை உலர்நிலையில் சுரண்டுவது, ஈயம் கலந்த தூசியைப் பரப்பக்கூடும் என்பதால் தவிர்க்கத்தக்கது.

பூசும் முறையும் பராமரிப்பும்

புதிய சிமெண்டுச் சாந்து குறைந்தது 28 நாட்கள் உலர்ந்த பின்னரே வர்ணம் ஏற்கும். கசிவு இருப்பின் முதலில் அதனை அடைத்தல் வேண்டும். நனைந்த சுவரில் எந்த உயர்ந்த பூச்சும் நிலைக்காது. பூஞ்சணம் பிடித்த சுவராயின், பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி நன்கு உலர்த்திய பிறகு பிரைமர் ஒரு கையும், எமல்ஷன் இரண்டு கையும் அடிக்க வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் அமிலம் எதனையும் சேர்க்கலாகாது. நச்சு வாயு வெளிப்படும். புணே போன்ற இடங்களில் மழை தொடங்குமுன், ஏப்ரல் அல்லது மே மாதத்தில் இப்பணியை முடித்துவிடுவது உசிதம்.

பூசிய பின் சன்னல்களைத் திறந்துவைத்து இரு வாரங்கள் காற்றாட விடுதல் வேண்டும். அதன்பின் சில தக்காளி நாற்றுகளை மட்டும் உள்ளே வைத்து மூன்று நான்கு நாட்கள் கவனிக்கலாம். எத்திலீன் போன்ற வாயுக்களை எளிதில் உணரும் தக்காளியின் இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளையுமானால், அறை இன்னும் ஆயத்தமாகவில்லை என்று கொள்ளலாம்.

சுவரின் நிலையை அறிய ஓர் எளிய ஒளிமானி போதும். அதனைச் சுவரின்மீது வெளிநோக்கி வைத்து ஓர் அளவும், பிறகு சுவரை நோக்கித் திருப்பி, அதன் நிழல் குறுக்கிடாதபடி ஓர் அடி தள்ளிப் பிடித்து மற்றோர் அளவும் எடுக்க வேண்டும். இரண்டாம் அளவை முதல் அளவால் வகுத்தால் பிரதிபலிப்புத் திறன் ஏறக்குறையக் கிடைத்துவிடும். கண்ணின் உணர்வையொட்டி அமைந்த கருவியாதலால், இம்முறை வெள்ளைச் சுவருக்கே பொருந்தும். வர்ணம் பூசிய மாதத்தில் கிடைத்த எண்ணைக் குறித்துவைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டு வருவது நலம். எண் 75-க்குக் கீழே இறங்கினால் சுவரைத் துடைக்க வேண்டும். துடைத்தும் உயராவிட்டால் மீண்டும் ஒரு கை பூச வேண்டும். அலமாரிகளைச் சுவரிலிருந்து அரை அடி விலக்கி வைத்து, சிறு மின்விசிறியால் அவ்விடைவெளியில் காற்று ஓடச் செய்தால், பூச்சின் ஆயுள் நீடிக்கும். புதிய விளக்கு ஒன்றை வாங்குமுன் சுவரை ஒருமுறை அளந்து பார்ப்பது, பல இல்லங்களில் அந்தச் செலவையே தேவையற்றதாக்கிவிடக்கூடும்.