புயல் திண்டுக்கல்லுக்கும் வரும்: அக்காவின் 8 டிப்ஸ்

"புயலெல்லாம் நாகப்பட்டினத்துக்காரங்க கவலை, நமக்கென்ன?"ன்னு இருக்காதே தங்கச்சி. 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா, நம்ம மாவட்டத்தைத் தாண்டித்தான் கேரளாவுக்குப் போச்சு. கொடைக்கானல் மலையில மரம் சாஞ்சு, பாதை அடைபட்டு, கரண்ட் இல்லாம ஜனங்க தவிச்சாங்க. ஐப்பசி பிறந்ததும் இதையெல்லாம் செஞ்சு வை.

1. ஊர் வானத்தை மட்டும் நம்பாதே. குடகனாறு மலையில பிறக்குது. இங்கே வெயில் அடிச்சாலும், மேலே கொட்டினா வெள்ளம் வரும். 'ரெட் அலர்ட்'னா ஒரே நாள்ல 20 செ.மீ.க்கு மேல மழை பெய்யலாம்னு அர்த்தம்.

2. கரண்ட் இருக்கும்போதே மோட்டார் போடு. டேங்க், குடம், போன் சார்ஜ் எல்லாம் ஃபுல்லா இருக்கணும். மழை பெஞ்சா மட்டும் குழாய்ல தண்ணி வந்துடாது.

3. ஆதார், ரேஷன் கார்டு, பட்டா எல்லாத்தையும் ஜிப் கவர்ல போட்டுப் பரண்ல வை. பீரோ அடித்தட்டு வேண்டவே வேண்டாம். போன்லயும் போட்டோ எடுத்துக்கோ.

4. அடுப்பில்லாம சாப்பிடுற மாதிரி அவல், பொரிகடலை, பிஸ்கட் வை. பெரியவங்க பிரஷர், சுகர் மாத்திரையை ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கு.

5. வீட்டுக்குள்ள தண்ணி ஏறும் முன்னாடியே மெயின் சுவிட்சை அணை. ஏறிட்டா, தண்ணியில நின்னுக்கிட்டுத் தொடாதே. கம்பி அறுந்து கிடந்தா கிட்டே போகாம மின்னகத்துக்கு அடி: 94987 94987.

6. சுரங்கப்பாதை, தரைப்பாலத்துல வண்டியை இறக்காதே. ஓடுற தண்ணி அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும், ஒரு அடி சின்னக் காரை இழுக்கும். சுத்திப் போ, லேட்டானா ஆகட்டும்.

7. சம்ப் மூடியைப் பூட்டு. தெருத்தண்ணி நின்னா குழி எங்கேன்னே தெரியாது, பிள்ளைங்க விழுந்துடும். பூட்டு ஊர்ல இருந்துக்கிட்டு இதுக்கொரு பூட்டு இல்லையா? வடிஞ்சதும் சம்பைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகு நிரப்பு. குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வை.

8. ஆடுமாட்டை மரத்தடியில கட்டாதே, இடி விழும். மேட்டுக்கு ஓட்டு. பயிருக்குக் காப்பீடு இருந்தா, வயல் மூழ்கின 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லு.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108. ரெண்டையும் எழுதிச் சுவத்துல ஒட்டு. பக்கத்து வீட்டுல தனியா இருக்கிற பாட்டிக்கும் ஒரு சீட்டு கொடு. முகாமுக்குப் போகச் சொன்னா, "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்"னு நிக்காதே. பாட்டியையும் கூட்டிக்கிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பு.