மேட்டை நம்பாதே: புரோட்டானைப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

பாளையம்பட்டியிலிருந்தும் திருச்சுழிப் பக்கமிருந்தும் இயற்பியல் படிக்க மதுரைக்கும் சென்னைக்கும் போகிற பிள்ளைகள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள்: எலெக்ட்ரானை வைத்துப் புரோட்டானை எப்படிப் படிப்பது? அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், நியூபோர்ட் நியூஸ் என்ற ஊரில் இருக்கும் ஜெஃபர்சன் ஆய்வகத்தின் தரவுகளோடு என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஆளாளுக்குச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதித் தருவது நல்லது என்று பட்டது.

1. எதைப் படிக்கிறோம் என்பது முதலில் தெரிய வேண்டும். ஹைட்ரஜன் அணுவை அடிமட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்ற 10.2 எலெக்ட்ரான் வோல்ட் போதும். குவார்க்குகளும் குளுவான்களும் சேர்ந்த புரோட்டானுக்கு அது காணாது. அதன் நிறை 938 எம்.இ.வி.; ஒரு எம்.இ.வி. என்பது பத்து லட்சம் எலெக்ட்ரான் வோல்ட். முதல் கிளர்வு நிலையான டெல்டாவின் நிறை 1232 எம்.இ.வி. தன் நிறையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கை ஆற்றலாக வாங்கினால்தான் புரோட்டான் அந்த முதல் படியையே ஏறும். ஏறியதும் நிற்காது. ஒரு நொடியைக் கோடி கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மேலும் நூறாக வெட்டினாலும் டெல்டாவின் ஆயுள் அதற்குள் அடங்கிவிடும். உடனே பையான் என்ற ஒரு சிறு துகளை உமிழ்ந்துவிட்டுப் பழைய நிலைக்கு, அல்லது நியூட்ரானாக, இறங்கிவிடும். ஆகவே டெல்டாவை யாரும் நேரில் பார்ப்பதில்லை. அது விட்டுச்சென்ற துகள்களைத்தான் பார்க்கிறோம்.

2. ஏன் எலெக்ட்ரான் என்று கேட்டால் தயங்காமல் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். டெல்டாவின் முதல் அடையாளம் 1950களின் தொடக்கத்தில் சிகாகோவில் ஃபெர்மியின் குழு பையான்களைப் புரோட்டான்மீது மோதவிட்டபோது கிடைத்தது. ஆனால் பையானுக்குள்ளும் குவார்க்குகள் உண்டு. அடிப்பதும் சிக்கல், அடிபடுவதும் சிக்கல். எலெக்ட்ரானுக்கு உள்ளமைப்பு எதுவும் இதுவரை தென்படவில்லை. அது எப்படி இடைவினை புரிகிறது என்பதை மின்காந்தவியல் துல்லியமாகச் சொல்கிறது. அது ஒரு மெய்நிகர் ஃபோட்டானைப் புரோட்டானுக்குள் அனுப்புகிறது. அந்த ஃபோட்டானின் ஆற்றலை ஒரு பக்கமும், கியூ ஸ்கொயர் என்று நாங்கள் சொல்லும் அளவை இன்னொரு பக்கமும் தனித்தனியாக நாமே தேர்ந்துகொள்ளலாம். கியூ ஸ்கொயர் கூடக் கூடப் பார்வை நுணுகும். சாதாரண ஒளியில் அந்த அளவு எப்போதும் பூஜ்யம்தான். புரோட்டான் புள்ளியல்ல, அதற்குப் பருமன் உண்டு என்று ஸ்டான்ஃபோர்டில் ஹாஃப்ஸ்டாட்டர் அளந்து காட்டியதும் எலெக்ட்ரானை வைத்துத்தான். 1961இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

3. இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார். 4 ஜி.இ.வி. (ஒரு ஜி.இ.வி. ஆயிரம் எம்.இ.வி.) ஆற்றலில் எலெக்ட்ரான் வருகிறது. சிதறிய எலெக்ட்ரான் 16.26 டிகிரி கோணத்தில் 3.127 ஜி.இ.வி. ஆற்றலோடு பிடிபடுகிறது. இரண்டு ஆற்றல்களையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, பாதிக் கோணத்தின் சைன் வர்க்கத்தாலும் பெருக்கினால் கியூ ஸ்கொயர் கிட்டத்தட்ட 1 வரும். புரோட்டானுக்குக் கொடுத்த ஆற்றல் 0.873. இனி புரோட்டான் நிறையின் வர்க்கத்தோடு, அந்த நிறையையும் கொடுத்த ஆற்றலையும் பெருக்கிய இருமடங்கைக் கூட்டி, கியூ ஸ்கொயரைக் கழித்து, வர்க்கமூலம் எடு. 1.232 வரும். டெல்டா! எலெக்ட்ரானை மட்டும் அளந்தே, கண்ணில் படாத ஒன்றின் நிறையை எடை போட்டுவிட்டாய்.

இதோடு விட்டுவிடாதே. சிதறிய எலெக்ட்ரானின் ஆற்றலை ஒரே ஒரு சதவீதம் கூட்டி அளந்துவிட்டதாக வைத்து மறுபடியும் போடு. 1.204 வரும். இப்படிக் கிடைக்கும் நிறைகளை வரைந்தால் டெல்டா இருக்குமிடத்தில் எழும் மேடு 28 எம்.இ.வி. நகர்ந்துவிட்டது. டெல்டாவின் அகலமே சுமார் 117தான். அதனால்தான் எந்தத் தரவை எடுத்தாலும் முதலில், புரோட்டான் கிளராமல் புரோட்டானாகவே இருக்கும் மீட்சிச் சிதறலின் கூர்முனை 938இல் நிற்கிறதா என்று பார்ப்போம். அது நிற்காத வரைக்கும் மற்றது எதையும் பேசாதே.

4. வரைபடத்தில் ஒரு மேடு தெரிந்தால் அது ஒரு நிலை என்று முடிவுகட்டாதே. எலெக்ட்ரானை மட்டும் அளந்து வரைந்தால் மூன்று மேடுகள் தெளிவாகத் தெரியும். முதலாவது டெல்டா, அதில் குழப்பமில்லை. இரண்டாவது மேட்டுக்குள் 1520, 1535 என்று இரண்டு நிலைகள். இரண்டும் நூறு எம்.இ.வி.க்கு மேல் அகலம், இடைவெளியோ பதினைந்துதான். அருப்புக்கோட்டையில் தறிகள் ஓடும் தெருவில் நின்றுகொண்டு ஒரு தறியின் சத்தத்தை மட்டும் பிரித்துக் கேட்கிற மாதிரி வேலை இது. பழகிய நெசவாளிக்கு அது முடிகிறது, ஏனென்றால் எந்தத் தறிக்கு என்ன தாளம் என்று அவருக்குத் தெரியும். நமக்கும் அப்படி ஒரு தாளம் வேண்டும். 1535 நிலை அடிக்கடி ஈட்டா என்ற, பையான் இனத்து மேசானை உமிழும். 1520 அதை உமிழ்வது மிக அரிது. ஆகவே ஈட்டாவையும் சேர்த்துப் பிடித்தால் 1535 தனியாக எழுந்து நிற்கும். பையான் எந்தக் கோணத்தில் போகிறது என்று பார்த்தால் நிலையின் சுழற்சி (ஸ்பின்) தெரியும். ஜெஃபர்சன் ஆய்வகத்தின் ஹால் பி கூடத்தில் கிளாஸ் என்ற உணர்கருவியை ஆறு மீக்கடத்திச் சுருள்களோடு, எல்லாப் பக்கமும் துகள்களைப் பிடிக்கும்படி கட்டியது இதற்காகத்தான். 2012 வரை அது ஓடியது. அதன் வாரிசான கிளாஸ்-12 இப்போது ஓடுகிறது.

அரசு கொடுத்த லேப்டாப்பே போதும்: செர்ன் இலவசமாகத் தரும் ரூட் மென்பொருளை ஏற்றிக்கொண்டு, இந்த இரண்டு நிலைகளையும் செயற்கையாக உருவாக்கி, கூட்டி, பிறகு பிரித்துப் பார். பிரியாது. அந்தப் பிரியாமையை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு மேட்டை நம்ப மாட்டார்கள்.

5. கண்டுபிடித்ததை நீயே ஒழித்துக்கட்டப் பார். இதில் நமக்கு ஆசான் டேவிட் ரோப்பர். 1964இல் எம்.ஐ.டி. மாணவராக லிவர்மோர் ஆய்வகத்தில் பையான் சிதறல் தரவுகளைப் பகுத்துக்கொண்டிருந்தார். எந்த மேடும் தெரியாத இடத்தில், 1440 பக்கம், ஒரு ஒத்ததிர்வு, அதாவது டெல்டா போன்ற ஒரு கிளர்வு நிலை, தலைகாட்டியது. அவர் அதைக் கொண்டாடவில்லை. பகுப்பாய்விலிருந்து அதை நீக்கிவிடத் திரும்பத் திரும்ப முயன்றார். போகவில்லை. அதன் பிறகுதான் எழுதினார். இன்று அந்த நிலைக்கு அவர் பெயர்தான்.

அது பெரிய தலைவலியும் கொடுத்தது. குவார்க் மாதிரியின்படி அந்த வகைக் கிளர்வு 1535க்கு மேலே இருக்க வேண்டும். கீழே வந்து உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் அது மூன்று குவார்க் நிலையே அல்ல என்றார்கள். தீர்ப்பு சொன்னது எலெக்ட்ரான். கியூ ஸ்கொயரைப் படிப்படியாகக் கூட்டி, புரோட்டானை ரோப்பர் நிலையாக மாற்றும் வீச்சு எவ்வளவு என்று கிளாஸ் குழு அளந்தது. தொடக்கத்தில் எதிர்மறை, 0.5 பக்கம் பூஜ்யத்தைக் கடந்தது. 2 அருகே நேர்மறையாக, பெரிதாக நின்றது. நடுவே மூன்று குவார்க்குகள் உள்ளும் வெளியும் மூச்சுவிடுவதுபோல விரிந்து சுருங்கும் கரு, சுற்றிலும் மேசான் மேகம். அந்த மேகம்தான் நிறையைக் கீழே இழுக்கிறது. இந்தப் படம் பரவலாக ஏற்கப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று. தொலைவிலிருந்து பார்த்தால் மேகம், நெருங்கினால் கரு. ஒரே கியூ ஸ்கொயரில் நின்றிருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் பார்த்திருப்போம்.

6. பின்புலத்தைக் குப்பை என்று எண்ணாதே. 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டின் ஸ்லாக் ஆய்வகத்து மூன்று கிலோமீட்டர் முடுக்கியில் ஃப்ரீட்மன், கெண்டல், டெய்லர் குழு கியூ ஸ்கொயரைக் கூட்டிக்கொண்டே போனது. ஒத்ததிர்வு மேடுகள் வேகமாகக் கரைந்தன. அவற்றுக்கு அப்பால் இருந்த மேடில்லாத சமவெளி கரையவே இல்லை. உள்ளே புள்ளி புள்ளியாக ஏதோ இருக்கிறது என்பதற்கு முதல் நேரடிச் சான்று அதுதான். 1990இல் நோபல் பரிசு. மேட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் குவார்க்கைத் தவறவிட்டிருப்பார்கள்.

7. சின்ன வேலைகளைச் சின்னதாக நினைக்காதே. இலக்கு என்பது சுமார் 20 கெல்வினில் குளிர்ந்த திரவ ஹைட்ரஜன். அதை அடைத்திருப்பது மெல்லிய அலுமினியத் தகடு. தகட்டிலும் எலெக்ட்ரான் சிதறும். ஆகவே ஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டுக் காலிக் குடுவையில் ஒரு ஓட்டம் எடுத்துக் கழிக்க வேண்டும். எலெக்ட்ரான் வழியில் ஒரு ஃபோட்டானை உமிழ்ந்தால் அதன் ஆற்றல் குறைந்து, வெறும் மீட்சிச் சிதறலே டெல்டாவுக்கு அடியில் வந்து ஒளிந்துகொள்ளும். அதற்கும் திருத்தம் வேண்டும். இரவு ஷிஃப்டில் கற்றை எத்தனை மணிக்கு நின்றது, எப்போது திரும்பியது என்று பதிவேட்டில் எழுதாமல் போனால் எந்தத் தேற்றமும் அதைத் திருப்பித் தராது.

8. நம் நாட்டில் இதைக் கற்க முடியாது என்று சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதே. 1961இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரில் நடத்திய கோடைப் பள்ளியில் துகள் இயற்பியலாளர்கள் கெல்மனும் டாலிட்ஸும் வந்து பாடம் எடுத்தார்கள். அடுத்த ஆண்டே அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். தரமணியில் இருக்கும் அந்த நிறுவனத்திலும் மும்பை டாடா நிறுவனத்திலும் குவார்க்குகளைக் கணினியில் கட்டம் கட்டமாகக் கணிக்கும் லாட்டிஸ் கணிப்பில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தூரில் இண்டஸ்-2 வளையத்தில் 2.5 ஜி.இ.வி. எலெக்ட்ரான் சுற்றுகிறது. அது எக்ஸ் கதிர் தருவதற்கான வளையம், புரோட்டானை அடிப்பதற்கல்ல. ஆனாலும் கற்றை என்றால் என்ன, வெற்றிடம் என்றால் என்ன என்று தொட்டுக் கற்க நல்ல இடம்.

9. வேலை தீர்ந்துவிட்டது என்று நினைத்து ஒதுங்காதே. 2020இல்தான் கிளாஸின் பழைய தரவிலிருந்து, 1720 பக்கம் ஏற்கெனவே தெரிந்த நிலைக்கு ஒட்டினாற்போல, அதே சுழற்சியோடு இன்னொரு நிலை இருக்கிறது என்று காட்டினார்கள். ஒளியில் எடுத்த தரவையும் எலெக்ட்ரானில் எடுத்த தரவையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகே அது பிடிபட்டது. கிளாஸ் அளவீடுகளின் தரவுத்தளம் இணையத்தில் யாருக்கும் திறந்திருக்கிறது. தம்பி, தாயி, ஆராய்ச்சி மாணவராகச் சேர ஒரு குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதினால் மதிப்பெண் பட்டியலை மட்டும் அனுப்பாதீர்கள். அந்தத் தளத்திலிருந்து டெல்டா பகுதியின் அளவீடுகளை எடுத்து, நீங்களே ஒரு வளைகோடு பொருத்தி, எங்கே பொருந்தவில்லை என்பதையும் எழுதி, அந்தப் பக்கத்தைக் கூடவே அனுப்புங்கள்.