ப்ளூ அண்ட் கோல்ட் விருந்து: அண்ணன் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

உங்கள் கப் ஸ்கவுட் பேக்கின் ப்ளூ அண்ட் கோல்ட் விருந்தை இந்த வருஷம் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னார். மேஜை விரிப்பின் நீலம் சட்டையின் நீலத்தோடு சேருமா என்று நீ இப்போதே கவலைப்படுகிறாயாம். அதை யாராவது ஒரு அப்பாவிடம் தள்ளிவிடு. அலங்காரத்தைப் பிள்ளைகளே செய்யட்டும். தட்டுக்கு அடியில் போடும் காகித விரிப்பில் ஆறு வயதுக்காரன் கிறுக்கிய ஓநாயைக் கடையில் வாங்க முடியாது.

இது பிறந்தநாள் விருந்து, அதை மறந்துவிடாதே. 1910 பிப்ரவரி 8-ஆம் தேதி வில்லியம் பாய்ஸ் அமெரிக்கச் சாரணர் இயக்கத்தைப் பதிவு செய்தார். சின்னப் பிள்ளைகளுக்கான கப் ஸ்கவுட் 1930-இல் வந்தது. அதனால்தான் இந்தக் குளிரிலும் பிப்ரவரியில் கூடுகிறோம். பனி கொட்டினால் என்ன செய்வது என்று மாற்றுத் தேதியையும் அழைப்பிதழிலேயே போட்டுவிடு.

நம் ஊர்ப் பள்ளி ஆண்டுவிழாவைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஒரு பழக்கம் உண்டு. வரவேற்புரை, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை. அதை இங்கே கொண்டுவராதே. பெரியவர்கள் பேச்செல்லாம் சேர்ந்து பத்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. கூட்டம் இரைந்தால் மைக்கில் கத்தாமல், கப் ஸ்கவுட் முறைப்படி இரண்டு விரலை உயர்த்திக் காட்டு. பிள்ளைகள்தான் முதலில் அடங்குவார்கள். பெற்றோர் அடங்கக் கொஞ்சம் நேரமாகும்.

சாப்பாட்டுக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக்கே போதும். ஆனால் ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் என்னென்ன சேர்த்தது என்று எழுதிய அட்டை கட்டாயம் இருக்கட்டும். நம்மவர்கள் ‘வெறும் சைவம்தானே’ என்று அலட்சியமாக வைத்துவிடுவார்கள். புளியோதரையில் நிலக்கடலை இருக்கும். இட்லிப்பொடியிலும் நல்லெண்ணெயிலும் எள். 2023 முதல் அமெரிக்கச் சட்டப்படி எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அது பலருக்குத் தெரியாது. பன்றி இறைச்சி சேர்ந்ததைத் தனி மேஜையில் வை. முதலில் சாப்பாடு, பிறகு பேட்ஜ். பசித்த பிள்ளை கைதட்டாது.

நீ அதிகம் மெனக்கெட வேண்டியது பேட்ஜ் கொடுக்கும் நேரத்துக்குத்தான். கிண்டர்கார்டன் லயன்களை முதலில் கூப்பிடு, இல்லாவிட்டால் அவர்கள் தூங்கிவிடுவார்கள். டைகர், வுல்ஃப், பேர், வெபலோஸ் என்று வகுப்பு வரிசையாகப் போகலாம். பிள்ளையோடு வீட்டாரும் மேடைக்கு வரட்டும். பேட்ஜை அம்மா கையிலோ அப்பா கையிலோ கொடுத்து, அவர்களே பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே. அலுவலகத்திலிருந்து நேரே ஓடிவந்த அப்பா ஃபோனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே நிற்பார். அதைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவரை மேலே அனுப்பு. ஆண்டு முழுக்க முகாமுக்கும் பாப்கார்ன் விற்பனைக்கும் வர முடியாதவருக்கு அந்த அரை நிமிஷம்தான் கிடைக்கும். சில பிள்ளைகளுக்கு அன்று வீட்டிலிருந்து யாரும் வர முடியாமல் போகும். யார் என்று டென் எனும் சிறு குழுக்களின் தலைவர்களிடம் முன்னாலேயே கேட்டுக்கொள். ‘உன்னோடு யார் நிற்க வேண்டும்?’ என்று பிள்ளையிடமே கேட்கச் சொல். மேடையில் வைத்துத் தேடாதே.

கடைசியில் ஐந்தாம் வகுப்புக்காரர்கள். ‘ஆரோ ஆஃப் லைட்’ பேட்ஜ் வாங்கியவர்கள் சின்ன மரப்பாலத்தில் நடந்து மறுபக்கம் போவார்கள். அங்கே பெரிய சாரணர் படையின் தலைவர் கழுத்தில் புதிய துணியைக் கட்டுவார். எல்லோரும் ஒரே படைக்குப் போவதில்லை, அதனால் அந்தந்தப் படைக்கு ஜனவரியிலேயே சொல்லிவிடு. பாலத்தையும் அவர்களிடமே இரவல் கேட்கலாம். இத்தோடு சாரணியத்தை விடும் பிள்ளைகளும் இருப்பார்கள். கால்பந்து, வயலின், எதுவோ இழுத்திருக்கும். அவர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்ட வை. ஐந்தாறு வருஷம் நம்மோடு இருந்த பிள்ளையை, தொடரவில்லை என்பதற்காக நாற்காலியிலேயே உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம். வேறு பேக்குகளில் நடக்கிறது, உங்களுடையதில் வேண்டாம்.

படத்தொகுப்பு போடுவதாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது வருகிறதா என்று எண்ணிப் பார். உன் மகன் மூன்று படத்துக்கு மேல் வேண்டாம்.

நானும் சித்தியும் வருகிறோம். தயிர்சாதம் எங்கள் பொறுப்பு, பெருங்காயம் இல்லாமல். எத்தனை பேருக்கு என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
சித்தப்பா