நகல் கொடுக்கும் முன், ரேகை வைக்கும் முன்: ஜவ்வாது மலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

2020-ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்குக் காலம். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, வேலூர் என்று வடமாவட்டங்களில் தரகர்களும் சில கணினி மையக்காரர்களும் ஏழை மக்களிடம் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் வாங்கினார்கள். "கொரோனா பணம் வருது" என்று பலரிடம் சொன்னார்கள். பணமும் வந்தது. ஆனால் அது விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் தவணை. சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் விவசாயிகள் பட்டியலில் ஏற்றப்பட்டிருந்தார்கள். அந்தச் செப்டம்பரில், அப்போதைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி கணக்குச் சொன்னார்: தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய். சிபிசிஐடி விசாரித்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், அதிகாரிகள் இடைநீக்கம் ஆனார்கள். ஆனால் பணத்தைத் திரும்பக் கேட்டு அரசு தட்டியது நகல் கொடுத்தவர்களின் கதவைத்தான். கமிஷன் பிடித்துக்கொண்ட தரகர் பெயரில் கணக்கு எதுவும் இல்லையே!

நகரத்துக்காக எழுதப்படும் எச்சரிக்கைகள் எல்லாம் போனில் வரும் முகம் தெரியாத குரலைப் பற்றியே பேசுகின்றன. அந்தக் குரல் மலைக்கும் வருகிறது, டவர் கிடைக்கிற இடத்தில். ஆனால் ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, பீஞ்சமந்தை பக்கத்து வீடுகளில் பணம் போகிற வழி பெரும்பாலும் வேறு. படிவம் நிரப்புவது ஒருவர், ரேகை மிஷின் வைத்திருப்பது இன்னொருவர், வந்த ஓடிபியைப் படித்துச் சொல்வது மூன்றாம் ஆள். இவர்களில் பலர் நல்லவர்கள், உறவுக்காரர்கள்கூட. நல்லவர் யார், கெட்டவர் யார் என்று ஆராய்ந்துகொண்டிருக்க நமக்கு நேரமில்லை. யாராக இருந்தாலும் ஒரே முறையில் நடந்துகொள்வதுதான் வழி. அந்த முறையைத்தான் கீழே சொல்கிறேன். வீட்டில் படித்த பிள்ளை ஒருவர் இதைப் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டினால் நல்லது.

முதலில் நகல்

ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்தால் எண்ணி வாங்குங்கள். சரியாக விழாமல் போன தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு நகலின் குறுக்கேயும் பேனாவால் மூன்று விஷயம் எழுத வேண்டும்: யாருக்கு, எதற்கு, எந்தத் தேதி. "சாதிச் சான்றுக்கு மட்டும், தாசில்தார் அலுவலகம்" என்று எழுதிய நகலை வைத்து சிம் வாங்குவது கடினம். ஓரத்தில் எழுதினால் மறைத்து மறுபடி நகல் எடுத்துவிடுவார்கள். ஆகவே எழுத்து படத்தின் மேலேயே ஓடட்டும், ஆதார் எண்ணை மறைக்காமல்.

எண் முழுதும் தேவைப்படாத இடத்தில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் இணையதளத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், இ-சேவை மையத்திலும் எடுத்துத் தருவார்கள். 2022 மே மாதம், "கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள்" என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி மத்திய அரசு அதை உடனே திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றாலும் அறிவுரை சரியானதுதான் என்பது என் கருத்து.

இதில் மலைக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் தாளில் கைநாட்டு வைக்கிறார்கள். ஆதார் எண்ணும் பெருவிரல் ரேகையும் ஒரே தாளில் இருப்பது ஆபத்து. 2018-இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் விற்கும் ஒருவர் பதிவுத்துறை இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களை இறக்கி, அதிலிருந்த கைநாட்டுகளை ரப்பரில் வார்த்து, ஆயிரக்கணக்கான சிம்களை ஊரார் பெயரில் இயக்க வைத்தார். சிம்முக்கு வேலை செய்த ரப்பர் விரல் வங்கிப் பணத்துக்கும் வேலை செய்யும் என்பதைப் பின்னால் வந்த வழக்குகள் காட்டின. 2023-இல் ஆதார் ஆணையம் போலி ரேகையைக் கண்டுபிடிக்கும் புதிய முறையைக் கொண்டு வந்தது. முன்னைவிட இப்போது கடினம், அவ்வளவுதான். பாட்டிக்குத் தன் பெயரை எழுதக் கற்றுக்கொடுங்கள். நான்கு எழுத்துப் பெயருக்கு நான்கு நாள் போதும்.

ரேகை மிஷின் முன்னால்

வங்கிக் கிளை தூரம் என்பதால் மலையில் பலரும் நூறு நாள் வேலைக் கூலியையும் மகளிர் உரிமைத் தொகையையும் எடுப்பது ஊருக்கு வரும் வங்கி முகவரிடம்தான். ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை. இந்த மூன்றும் இருந்தால் போதும், கார்டு வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். வசதியும் இதுதான், ஆபத்தும் இதுதான். ஒரு தடவையில் 10,000 ரூபாய் வரை எடுக்கலாம்.

மண்வெட்டியும் கதிர் அரிவாளும் பிடித்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். "ரேகை விழல பாட்டி, இன்னொரு தரம் வைங்க" என்பது பல நேரம் உண்மை. சில நேரம், முதல் தடவையிலேயே பணம் போயிருக்கும், இரண்டாவது தடவை இன்னொரு முறை போகும். ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். விரல் வைக்கும் முன் தொகையைக் கேளுங்கள், திரையில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பு மட்டும் பார்க்க வந்திருந்தால் அதை முதலிலேயே சத்தமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை விரல் வைத்த பிறகும் துண்டுச் சீட்டு கேளுங்கள், தோற்றுப்போனதற்கும் சேர்த்து. "பேப்பர் ரோல் இல்ல" என்றால் அன்றைக்குப் பணம் எடுக்க வேண்டாம். சீட்டு இல்லாமல் இரண்டாம் முறை விரல் வைக்கவே கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிச் சண்டை குறையும்.

பணம் கைக்கு வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019-ஆம் ஆண்டு உத்தரவுப்படி ஐந்து நாளுக்குள் அது திரும்ப வரவேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்டால்தான் பலருக்கும் கிடைக்கிறது.

ரேகையைப் பூட்டலாமா?

ஆதார் செயலியில் விரல் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. "உடனே பூட்டுங்கள்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். மலைக்கு இதை அப்படியே சொல்ல மாட்டேன். பூட்டினால் ரேஷன் கடை மிஷினிலும் ரேகை ஏற்காது. தற்காலிகமாகத் திறக்க, பதிவு செய்த சிம்முக்கு ஓடிபி வரவேண்டும், இணையம் வேண்டும். ரேஷன் கடை வாசலில் சிக்னல் இல்லாத ஊரில் அரிசி வாங்காமல் திரும்ப வேண்டியிருக்கும்.

ஆகவே ஆளைப் பார்த்துச் செய்யுங்கள். கோவைக்கோ திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய், கார்டிலும் போனிலும் பணம் எடுக்கிற பிள்ளைகள் பூட்டிவிடட்டும். மலையில் இருக்கிற பெரியவர்களுக்கு வேறு இரண்டு வழி. ரேகை வழியாகப் பணம் எடுக்கும் வசதியை மட்டும் நிறுத்த முடியுமா என்று வங்கிக் கிளையில் எழுதிக் கேட்கலாம், பல வங்கிகள் செய்து தருகின்றன. முகவர் இல்லாமல் முடியாது என்றால், சேமிப்புக் கணக்கில் செலவுக்கு உள்ளதை மட்டும் வைத்து, மீதியை அதே வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள். வைப்புத்தொகையை ரேகை மிஷின் தொட முடியாது. சாமை விற்ற பணமும் புளி விற்ற பணமும் சேமிப்புக் கணக்கில் மாதக் கணக்கில் கிடக்க வேண்டியதில்லை.

பாஸ்புக்கை மாதம் ஒரு முறையாவது பதிய வையுங்கள். மலையில் குறுஞ்செய்தி எப்போது வருமென்று சொல்ல முடியாது. டவர் உள்ள இடத்துக்கு வந்ததும் மொத்தமாக விழும், அதற்குள் திருடிய பணம் நான்கு கணக்கு தாண்டியிருக்கும்.

சிம்

வேலைக்கு வெளியூர் போனவர் அங்கே புது சிம் வாங்குகிறார். பழைய எண்ணுக்கு ரீசார்ஜ் இல்லை. 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் எண் துண்டிக்கப்படலாம். அப்புறம் அதே எண் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். உங்கள் வங்கி ஓடிபியும் அவருக்கே போகும். எண்ணை மாற்றினால் அந்த வாரமே வங்கியிலும் ஆதாரிலும் மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையோ முகவர் எண்ணையோ உங்கள் கணக்கில் பதிய விடாதீர்கள். பழைய படிவங்களில் அப்படி நிறைய நடந்திருக்கிறது. இப்போதே ஒருமுறை கிளையில் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஒருவர் பெயரில் ஒன்பது வரை அனுமதி. தெரியாத எண் இருந்தால் அங்கேயே "இது என்னுடையதல்ல" என்று பதியலாம். சிம் வாங்கும்போது வைக்கிற ரேகை எதற்கெல்லாம் போகும் என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 2017-இல் ஏர்டெல் சிம்முக்கு ஆதார் சரிபார்த்த லட்சக்கணக்கானோர் பெயரில், அவர்கள் கேட்காமலே ஏர்டெல் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறக்கப்பட்டது. அவர்களின் கேஸ் மானியம் அந்தக் கணக்கில் போய் விழுந்தது. ஆதார் ஆணையம் அந்த டிசம்பரில் ஏர்டெல்லின் ஆதார் சரிபார்ப்பு உரிமத்தை நிறுத்தி வைத்தது, ரிசர்வ் வங்கி 2018 மார்ச்சில் 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அரசுப் பணம் திடீரென்று வராமல் போனால், ஆதார் இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஆதார் தளத்திலேயே அது தெரியும்.

போனில் செயலியை ஏற்றிவிடும் ஏபிகே கோப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பி.எம். கிசான் என்றோ, வங்கி என்றோ, வண்டி அபராதம் என்றோ வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் தொட வேண்டாம். அரசு எந்தச் செயலியையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

உங்கள் பெயரில் கடன், உங்கள் பெயரில் கணக்கு

"உங்க பேர்ல லோன் எடுத்துக் குடுங்க அக்கா, நான் கட்டிடறேன்." மகளிர் குழுக்களில் சகஜமாகக் கேட்கிற வார்த்தை. ஆவணத்தில் உங்கள் பெயர் இருந்தால் கடன் உங்களுடையது, அவர் கட்டாத தவணையும் உங்களுடையது. உங்களுக்கே தெரியாமல் கடன் இருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். பான் கார்டு இருந்தால் எளிது.

இளைஞர்களுக்குத் தனியாக ஒன்று. "அக்கவுண்ட் திறந்து பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூணையும் குடு, ஐயாயிரம் தர்றேன்" என்று யாராவது கேட்டால், வேறெங்கோ திருடிய பணத்தை உங்கள் கணக்கு வழியே ஓட்டப்போகிறார் என்று பொருள். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். தெரியாமல் கொடுத்தேன் என்பது வழக்கை முடித்துவிடாது.

பணம் போய்விட்டால்

முதல் வேலை 1930-க்கு அழைப்பது. யார் போனிலிருந்தும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். கணக்கு எண், போன தொகை, நேரம், குறுஞ்செய்தியில் அல்லது சீட்டில் உள்ள பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். திருடர் பணத்தை வெளியே எடுப்பதற்குள் தகவல் போனால் வழியிலேயே முடக்க முடியும். ஆகவே மறுநாள் காலை என்று தள்ள வேண்டாம். சிக்னல் இல்லையென்றால் அதற்காக ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு போவது வீண் செலவல்ல. எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது கடினம் என்றால் வீட்டுச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

அடுத்து வங்கி. உங்கள் தவறு இல்லாமல் வெளியாள் எடுத்த பணத்தை மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பே கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை உத்தரவு. பத்து வேலை நாளுக்குள் வங்கி தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால் நிலைமை வேறு, புகார் கொடுக்கும்வரை போன பணம் உங்கள் பொறுப்பு. கிளையில் கொடுக்கும் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். அதற்கான எண் 14448.

கடைசியாகக் காவல் நிலையம். நம் மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டத்தில் கிடக்கிறது. "இது எங்க எல்லை இல்ல" என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம், பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. ஜமுனாமரத்தூரில் கொடுத்தாலும் ஆலங்காயத்தில் கொடுத்தாலும் இதுவே சட்டம். புகாரை ஏற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நிலையத்தை விட்டு இறங்காதீர்கள்.